பூ பூக்கிறது, காய் பிடிக்கவில்லையே? – மகரந்தச் சேர்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளுவாங் காலைச் சந்தையில் காய்கறி நாற்று விற்கத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆகின்றன. நாற்று வாங்கிப் போனவர்கள் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வருவார்கள். கொடி நன்றாகத்தான் ஓடியிருக்கும், பூவும் கொட்டிக் கிடக்கும், காய் மட்டும் இருக்காது. அங்கே தொடங்கும் பேச்சு தேனீ, வண்டு, வௌவால், மருந்துப் புட்டி என்று எங்கெங்கோ போகும். தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், தாமானில் குடியிருப்பவர்கள், நாலு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள் எனப் பலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்துபோயிற்று, அக்கா. மகரந்தச் சேர்க்கை என்றால் என்ன?

பூவின் ஆண் பகுதியில் இருக்கும் தூள்தான் மகரந்தம். அது அதே இனத்துப் பூவின் சூல்முடியில் போய் ஒட்ட வேண்டும். ஒட்டினால் விதை உருவாகும், விதையைச் சுற்றிக் காய் பருக்கும். செடியால் நடந்து போக முடியாது. தூளை எடுத்துச் செல்ல யாராவது வர வேண்டும். நெல்லுக்கும் சோளத்துக்கும் காற்று போதும். நாம் உண்ணும் பழங்களிலும் காய்களிலும் பெரும்பாலானவற்றுக்குப் பூச்சி வேண்டும், சிலவற்றுக்கு வௌவால் வேண்டும்.

பரங்கிக்கொடி நிறையப் பூக்கிறது. பிஞ்சு விரல் அளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. உரம் போதவில்லையா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பத்தில் எட்டுப் பேர் அதற்குள் இரண்டு முறை உரம் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பரங்கி, பாகல், பீர்க்கு, புடல், சுரை எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒரு வீக்கம் இருக்கும். அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்துபோகிறோம். அது இன்னும் காய் அல்ல. மகரந்தம் வந்து சேராவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும்.

பரங்கிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வர வேண்டும், ஒரு முறைக்கு மேல் வந்து போக வேண்டும். வரவில்லை என்றால் நீங்களே செய்யலாம். காலை 9 மணிக்கு முன்னால் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கொடியில் ஆண் பூ மட்டுமே வருவதும் உண்டு. அது நோய் அல்ல, பொறுத்திருங்கள்.

தேனீ மட்டும்தானே இந்த வேலையைச் செய்கிறது?

இல்லை. தேனீயிலேயே பல வகை உண்டு. பெட்டியில் வளரும் தேனீ, உயர்ந்த தூவாலாங் மரத்தில் கூடு கட்டும் பெரிய மலைத்தேனீ, கொட்டாத சின்னக் கெலுலுட் என்கிற கொசுத்தேனீ, வீட்டு உத்தரத்தைக் குடையும் பெரிய கறுப்பு ‘வண்டு’. கடைசியாகச் சொன்னதை நாம் வண்டு என்கிறோம், அதுவும் தேனீ இனம்தான். கத்தரிப் பூவைப் பிடித்துக்கொண்டு அது உடலை அதிரச் செய்யும்போது உள்ளே பூட்டிக் கிடக்கும் மகரந்தம் உப்புச் சாடியிலிருந்து கொட்டுவதுபோல் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. முருங்கைக்கும் இந்தக் கறுப்புத் தேனீ நல்ல துணை. அதன் ஓட்டையில் சிமெண்ட் அடைக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

மாம்பூவுக்கு ஈக்கள் வரும். கொக்கோவுக்குக் கொசுவை விடச் சிறிய ஒரு பூச்சி, அழுகிய இலைக்குள்ளும் வாழைத் தண்டுக்குள்ளும் பிறந்து வரும். புடலம்பூ மாலையில் விரியும், அதற்கு அந்துப்பூச்சி. இந்த ஊரில் வேலை செய்வோரின் பட்டியலில் பாதிப் பேரை நாம் கொசு என்றும் ஈ என்றும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

வாழைக்கும் மிளகாய்க்கும்கூட இவை வேண்டுமா?

நாம் உண்ணும் வாழையில் விதை இல்லை, மகரந்தம் இல்லாமலே பழம் வரும். மிளகாய் பெரும்பாலும் தன் பூவிலேயே தானே முடித்துக்கொள்ளும், தேனீ வந்தால் காய் இன்னும் திரட்சியாக வரும்.

பால்மரத்துக்கு?

பால் எடுப்பதற்குப் பூச்சி தேவையில்லை. விதைக்கு மட்டும் வேண்டும்.

செம்பனைக்குக் காற்று போதாதா? தென்னை மாதிரிதானே அதுவும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எங்கள் வீட்டுக் கதையும்கூட.

செம்பனை இந்த மண்ணின் மரம் அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வணிகத்துக்காக அதை முதலில் நட்டது 1917-இல், கோல சிலாங்கூர் பக்கம் தென்னமாரம் தோட்டத்தில். பெயரைக் கேட்டாலே யார் அங்கே வேலை செய்திருப்பார்கள் என்று தெரியும். மரம் கப்பலேறி வந்தது, ஆப்பிரிக்காவில் அதன் பூவுக்கு வந்துகொண்டிருந்த பூச்சி வரவில்லை. காற்றும் ஒரு சிறு பேன்பூச்சியும் செய்த அரைகுறை வேலையில் குலையில் பாதிப் பழம்தான் நிறையும். அதனால் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் ஊத வைத்தார்கள்.

1970-களில் என் அம்மாவுக்கு அந்த வேலைதான். ஆண் பாளையை வெட்டி, உலர்த்திச் சலித்து எடுத்த மகரந்தத்தை டால்கம் மாவோடு கலந்து தருவார்கள். அதை ஊதும் குழாயோடு நிரை நிரையாக நடக்க வேண்டும். பெண் பாளை விரிந்து இரண்டு மூன்று நாள்தான் மகரந்தத்தை ஏற்கும், பிறகு வெளுத்த சூல்முடி செங்கருப்பாக மாறிவிடும். ஆகவே நேற்றுப் போன நிரைக்கு நாளை மறுபடியும் போக வேண்டும். முள்ளை ஒதுக்கி, ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்து, விரிந்த பாளையைத் தேடி ஊத வேண்டும். மரம் உயர உயரக் குழாயும் நீளும். மாலையில் தலையெல்லாம் மஞ்சள் மாவோடு வருவார், வீட்டில் சோம்பு வாசனை அடிக்கும். செம்பனைப் பூவுக்கு உண்மையிலேயே சோம்பு வாசனை உண்டு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத், கேமரூனில் செம்பனைப் பூவைக் கவனித்து, அங்கே மகரந்தம் சுமப்பது காற்று அல்ல, 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மூக்குவண்டு என்று காட்டினார். எலெய்டோபியஸ் கமெருனிகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அனுமதி பெற்று, சோதனைகள் முடித்து, 1981 பிப்ரவரியில் அந்த வண்டை மலேசியாவில் முதன்முதலாகத் திறந்துவிட்ட இடம் வேறெங்கும் இல்லை, நம் குளுவாங் மாமோர் தோட்டம். ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது, கையால் ஊதும் வேலை நின்றது. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம்.

அந்த வண்டு எதற்காக அவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறது?

அது தன் பிள்ளைகளுக்காக வருகிறது. ஆண் பாளை விரியும்போது சோம்பு மணம் எழும். அந்த மணத்துக்கு வண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து, பூவைத் தின்று, அதிலேயே முட்டையிடும். உதிர்ந்து வாடிய ஆண் பூவுக்குள்தான் புழுக்கள் வளரும். பெண் பாளையும் அவ்வப்போது அதே மணத்தை விடும். உடம்பெல்லாம் மகரந்தத்தோடு இருக்கும் வண்டு ஏமாந்து அங்கே போகும், தின்ன ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடும். அந்த ஏமாற்றத்தில் தான் நம் எண்ணெய் முழுவதும் விளைகிறது.

வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டது ஆபத்து இல்லையா? காண்டாமிருக வண்டு மாதிரி மரத்தை அழித்தால்?

சரியான பயம். வேறு நாட்டு உயிரைக் கொண்டுவந்து அவதிப்பட்ட நாடுகள் பல. அதனால்தான் திறந்துவிடும் முன்னால், வேறு செடிகளில் இந்த வண்டு பெருகுமா என்று சோதித்தார்கள். செம்பனையின் ஆண் பூ இல்லாமல் அதனால் வம்சம் வளர்க்க முடியவில்லை. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையும் பெரிய வண்டு, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எதிர்பாராத ஒன்று நடந்தது. வாடிய ஆண் பாளைக்குள் இருக்கும் புழுக்களை எலிகள் விரும்பித் தின்னத் தொடங்கின. எலிக்கு ஒரு புதிய உணவு கிடைத்துவிட்டது. தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஆந்தை எலியைப் பிடித்தால் பழத்துக்கும் நல்லது, வண்டுக்கும் நல்லது.

வண்டுதான் இருக்கிறதே, என் நாலு ஏக்கரில் குலையின் உள்பக்கம் ஏன் பழம் நிறைவதில்லை?

முதலில் மரத்தின் வயதைச் சொல்லுங்கள். காய்க்கத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் இக்காலத்து வகைகள் பெண் பாளையையே அதிகம் தள்ளும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆண் பாளை குறைந்தால் வண்டுக்குப் பிறக்க இடம் இல்லை, சுமக்க மகரந்தமும் இல்லை. அடைமழை மாதங்களில் வண்டு பறப்பதும் குறையும். மருந்து அடித்திருந்தால் அதுவும் ஒரு காரணம். ஓலை தின்னும் புழுவுக்குக் கண்ட பூச்சிக்கொல்லியை அடிக்காதீர்கள். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து புழுவைக் கொல்லும், வண்டை விட்டுவிடும்.

வாடிக் கறுத்த ஆண் பாளையை அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டி எரிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வண்டின் தொட்டில், தொடவே தொடாதீர்கள். இளம் மரப் பகுதியில் ஆண் பாளை போதவில்லை என்றால், முதிர்ந்த மரங்களின் வாடிய பாளைகளைக் கொண்டுவந்து ஒரு பெட்டியில் வைத்து, பொரிந்து வெளியேறும் வண்டுகள் மகரந்தத்தின் மேல் ஊர்ந்து போகும்படி அமைக்கும் முறை ஒன்று இருக்கிறது. மலேசியச் செம்பனை வாரியத்தின் அதிகாரி உங்கள் பகுதிக்கு வரும்போது இதைப் பற்றிக் கேளுங்கள்.

டுரியான் பூவுக்கு வௌவால் வரும் என்கிறார்கள். அது பூவைத் தின்று அழிக்கிறது என்றல்லவா எங்கள் தாத்தா விரட்டுவார்?

டுரியான் பூ பிற்பகல் பிந்தி விரிந்து, இரவில் தேன் சுரந்து, விடிவதற்குள் இதழும் மகரந்தத் தண்டும் கொட்டிவிடும். காலையில் மரத்தடியில் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்துத்தான் தாத்தா வௌவாலைக் குற்றம் சொல்லியிருப்பார். அது இயல்பான உதிர்வு. தேன் குடிக்கும் சிறு குகை வௌவால்தான் டுரியானுக்கு முக்கிய ஆள். பெரிய பழந்தின்னி வௌவாலும் பூவுக்குச் சேதம் செய்யாமல் தேன் குடித்து மகரந்தம் சுமக்கிறது என்பதை தியோமான் தீவில் கேமரா வைத்துப் பதிவு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். அந்தப் பெரிய வௌவாலை மலாயில் கெலுவாங் என்பார்கள். குளுவாங்குக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். ஊருக்குப் பெயர் கொடுத்த பிராணியை ஊர்க்காரர்களே சுட்டு விரட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வௌவால் நிப்பா நோய் கொண்டுவருமே. அதைக் காப்பாற்றச் சொல்கிறீர்களா?

1998, 1999-இல் நெகிரி செம்பிலானில் தோட்டத்துப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது. மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலின் உடலில் வாழ்வது உண்மை. இங்கே அது மனிதருக்கு வந்த வழி பன்றிப் பண்ணை: பண்ணையை ஒட்டிய பழ மரங்களில் வௌவால் தின்று போட்ட எச்சம் பன்றிக்குப் போய், பன்றியிடமிருந்து பண்ணையாட்களுக்கு வந்தது.

ஆகவே வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள், விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடாதீர்கள், ஆடுமாடு கட்டும் இடத்துக்கு மேலே அவை வந்து தின்னும் பழ மரம் வேண்டாம். டுரியான் மரத்தில் இரவில் தேன் குடித்துவிட்டுப் போகும் வௌவாலால் கீழே வீட்டில் தூங்குபவருக்கு ஒன்றும் நேராது. அதை வேட்டையாடிக் கையாள்வதுதான் கிருமியைத் தேடிப் போவது.

நான் டுரியான் மரம் வைத்திருக்கிறேன், காடு வைத்திருக்கவில்லை. காட்டுக்கும் எனக்கும் என்ன?

டுரியான் ஆண்டில் சில வாரங்கள்தான் பூக்கும். மற்ற நாட்களில் வௌவால் பட்டினி கிடக்க முடியாது. பெத்தாய், வாழைப்பூ, சதுப்பு நிலத்துப் பெரெம்பாங் மரம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போகும். தைப்பூசத்துக்குப் போகும் பத்துமலையில், கோயில் குகைக்குப் பக்கத்து இருண்ட குகையில் இந்தத் தேன் வௌவால்கள் வாழ்கின்றன. 1970-களில் அவற்றின் எச்சத்தில் இருந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், 30 கிலோமீட்டருக்கும் அப்பால் கோல சிலாங்கூர் பக்கத்துச் சதுப்பு நிலத்து மரப் பூக்களுக்கு அவை போய்வருவதைக் கண்டார்கள். மின்மினி பார்க்கப் படகில் போவோமே, அந்த மின்மினி மொய்ப்பதும் பெரெம்பாங் மரத்தில்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக் குன்றை உடைத்தால் வௌவாலுக்கு வீடு இல்லை. சதுப்பு நிலத்தை அழித்தால் டுரியான் பூக்காத மாதங்களில் சாப்பாடு இல்லை. இடையில் இருக்கும் உங்கள் மரத்தை யாரும் தொடவில்லை, ஆனாலும் பழம் குறையும். செம்பனை வண்டைப் போல இதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் முடியாது. செம்பனை வண்டோ செம்பனைக்கு மட்டுமே உழைக்கும், உங்கள் பாகற்கொடியை எட்டிக்கூடப் பார்க்காது.

கெலுலுட் பெட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டால் போதும்தானே?

நல்லது, வையுங்கள். கொட்டாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது, தேன் புளிப்பாகவும் நீர்த்தும் இருக்கும், அது கலப்படம் அல்ல. வெள்ளரிக்கும் பரங்கிக்கும் உதவும். ஆனால் சுற்றிலும் பூ இல்லாமல் பெட்டி மட்டும் வைத்தால் கூட்டம் மெலிந்துபோகும். வேலியில் கொடி ரோஜாவை ஏற்றிவிடுங்கள், மலாய்க்காரர்கள் ஆயர் மாத்தா பெங்கந்தின் என்பார்கள், ஆண்டு முழுதும் பூக்கும். துளசியைப் பூக்க விடுங்கள். சாலையோரத்துத் தொட்டாற்சிணுங்கியையும் தேனீ நாடும், அதைக் களைக்கொல்லி அடித்துக் கருக்க வேண்டாம்.

மருந்து அடிக்காமல் காய்கறி வளர்க்க முடியாது, அக்கா. எந்த நேரத்தில் அடிக்கலாம்?

கட்டாயம் என்றால் தேனீ கூடு திரும்பிய பிறகு, மாலை மங்கும் நேரத்தில், பூவின் மேல் படாமல் அடியுங்கள். பழைய புட்டிகளைப் பாருங்கள். குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் இரண்டும் 2023 மே மாதம் முதல் இந்நாட்டு விவசாயத்தில் தடை செய்யப்பட்டவை.

மாலையில் அடி என்கிறீர்கள், பீர்க்கு மாலையில்தானே பூக்கிறது?

இதைக் கேட்ட அம்மாவுக்கு ஒரு கட்டுக் கீரை இலவசமாகக் கொடுத்தேன். உண்மைதான். பீர்க்கு, புடல், சுரை மூன்றும் மாலையில் விரியும். பரங்கிக்குச் சொன்ன நேரம் இவற்றுக்குப் பொருந்தாது. இவற்றில் பூக்கும் பருவத்தில் பூச்சிக்கொல்லியே வேண்டாம். காய்க்குத் தாள் உறை கட்டினால் பழ ஈ அண்டாது. கையால் மகரந்தம் சேர்ப்பதென்றால் மாலை 6, 7 மணிக்குச் செய்யுங்கள்.

டெங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்கள். தடுக்கலாமா?

தடுக்காதீர்கள், டெங்கி உயிரை எடுக்கும் நோய். ஆனால் அந்தப் புகைக்குக் கொசு என்றும் தேனீ என்றும் தெரியாது. எந்த நாளில் வருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, கெலுலுட் பெட்டியை ஈரத் துணியால் மூடிவிடுங்கள், புகை கலைந்ததும் எடுத்துவிடுங்கள். தேங்கிய நீரை வாரம் ஒரு முறை கொட்டினால் புகைக்கான தேவையே குறையும்.

வீட்டுக் கூரையில் கூடு கட்டியிருக்கிறது. எரித்துவிடலாமா?

எரிக்காதீர்கள். தெபுவான் எனும் பெரிய குளவி என்றால் பொது தற்காப்புப் படையை அழையுங்கள், கிட்டப் போகாதீர்கள். கிளையில் கொத்தாகத் தொங்கும் தேனீக் கூட்டம் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே கிளம்பிவிடும்.

தேனீ அழிந்தால் மனிதன் நாலு ஆண்டில் அழிவான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அப்படிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. சோறு காற்றில் விளையும், நாம் பட்டினியால் சாக மாட்டோம். 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களில் 87-க்குப் பூச்சி, பறவை, வௌவாலின் உதவி ஓரளவாவது தேவை என்று கணக்கிட்டது. எடைப்படி பார்த்தால் அது உலக விளைச்சலில் 35 விழுக்காடு. தட்டில் சோறு இருக்கும், பாகற்காய்ப் பொரியல் இருக்காது, மாம்பழம் எட்டாத விலைக்குப் போகும். காட்டில் பூக்கும் மரங்களுக்கு நம்மைப் போல் கையால் தேய்த்துவிட ஆள் இல்லை. விதை விழாது, கன்று வராது, அவற்றைத் தின்று வாழும் இருவாச்சியும் குரங்கும் தோட்டத்துப் பக்கம் இறங்கும்.

வண்டு வந்ததால் நம் ஆட்களுக்குத்தானே வேலை போயிற்று? உங்கள் அம்மாவுக்குக் கோபம் இல்லையா?

வேலை போனது உண்மை. மற்றத் தோட்டங்களில் எப்படியோ, அம்மா இருந்த தோட்டத்தில் மகரந்தம் ஊதிய பெண்களைக் களை எடுக்கவும் உதிரிப் பழம் பொறுக்கவும் மாற்றினார்கள். குலை நிறையத் தொடங்கியதால் பொறுக்கும் பழமும் கூடியது, கூலி அந்த அளவுக்குக் கூடவில்லை. அது வண்டின் குற்றம் அல்ல என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவிடமே ஒரு நாள் கேட்டேன். அண்ணாந்து பார்ப்பது நின்றதும் கழுத்து வலி போய்விட்டது என்றார்.